ஊரோடு ஊர் சம்பந்தம்: ஐரோப்பியக் கிராமங்களின் ஒன்றுகூடல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐரோப்பா என்றாலே பாரிஸ், ரோம், லண்டன் என்றுதான் பேச்சு போகும். அங்கேயும் மாடு வளர்ப்பவர்களும் உருளைக்கிழங்கு போடுபவர்களும் ஊர்ச் சங்கம் நடத்துபவர்களும் இருக்கிறார்கள். இவர்கள் வருடத்தில் சில நாள் வேறு நாட்டுக் கிராமத்துக்குப் போய், முன்பின் தெரியாதவர் வீட்டில் தங்கி, சாப்பிட்டு, பேசி, ஆடித் திரும்புகிறார்கள். முப்பது வருடத்துக்கு மேலாக இது நடக்கிறது. இதைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் நண்பர்கள் கேட்கும் கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

இது எந்த மாதிரியான ஒன்றுகூடல்?

பல வகை உண்டு. இங்கே நான் அதிகம் பேசப்போவது 'ஐரோப்பியக் கிராமப்புறச் சமூகங்களின் சாசனம்' என்ற கூட்டமைப்பைப் பற்றி. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு நாட்டுக்கு ஒரு ஊர் என்பது அதன் கணக்கு. அந்த ஊர்களில் ஏதாவது ஒன்று விருந்தோம்பும் ஊராக இருக்கும். மற்ற ஊர்களிலிருந்து சிறு சிறு குழுக்கள் அங்கே வந்து சேரும். குழு என்றால் ஊராட்சித் தலைவரும் அதிகாரிகளும் மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். பள்ளி ஆசிரியர், ரொட்டிக் கடைக்காரர், பால் பண்ணைக்காரர், ஓய்வு பெற்ற தாத்தா பாட்டி, பதினேழு வயதுப் பிள்ளை என எல்லாரும் வருவார்கள். இப்படிச் சாதாரண ஆட்கள் வர வேண்டும் என்பதுதான் இதன் உயிர்.

எப்போது, எங்கே தொடங்கியது?

1989இல், பிரான்சின் மேற்குப் பக்கம் புவாத்தியே நகருக்கு அருகே உள்ள சிஸ்ஸே என்ற சிற்றூரில். அப்போது, இன்றைய ஒன்றியத்தின் முன்னோடியான 'ஐரோப்பியச் சமூகம்' என்ற அமைப்பில் 12 நாடுகள்தான் இருந்தன. பின்னால் ஒன்றியம் விரிய விரிய இந்தச் சாசனமும் கூடவே விரிந்தது. 1995இல் ஆஸ்திரியாவும் ஸ்வீடனும் பின்லாந்தும் ஒன்றியத்துக்குள் வந்தன. 2004இல் ஒரே நாளில் பத்து நாடுகள், 2007இல் பல்கேரியாவும் ருமேனியாவும், 2013இல் குரோவேசியா. அந்தந்த நாட்டிலிருந்து ஒரு ஊர் இந்தக் கூட்டத்தில் சேர்ந்துகொண்டது.

அந்த 1989 சும்மா ஒரு வருடம் இல்லை. அதே ஆண்டு ஆகஸ்ட் 19ஆம் தேதி ஹங்கேரியின் ஷோப்ரோன் நகருக்கு அருகே, ஆஸ்திரிய எல்லையில், 'பான் ஐரோப்பியப் பிக்னிக்' என்ற பெயரில் மக்கள் கூடினார்கள். சில மணி நேரத்துக்கு எல்லைக் கதவைத் திறப்பதாக ஏற்பாடு. கிழக்கு ஜெர்மானியர் 600 பேருக்கு மேல் அந்த வழியாக மேற்கே ஓடினார்கள். சில மாதங்களில் பெர்லின் சுவர் விழுந்தது. அந்த ஷோப்ரோனுக்குப் பக்கத்து ஊரான நாட்செங்க் இன்று ஹங்கேரி சார்பில் இந்தச் சாசனத்தில் இருக்கிறது. முள்வேலி பார்த்து வளர்ந்தவர்கள் அங்கே இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக்கு ஆஸ்திரியாவின் லாஸ்ஸே கிராமத்திலிருந்து விருந்தாளி வருவது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள்.

எந்தெந்த ஊர்கள் இதில் இருக்கின்றன?

எல்லாவற்றையும் அடுக்கினால் அலுப்புத் தட்டும். என் மனதில் நிற்கும் சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

அயர்லாந்தில் காஷெல். சமவெளி நடுவே பாறைக் குன்று, அதன் மேல் பழைய தேவாலயக் கோபுரங்கள். இத்தாலியில் டஸ்கனியின் பூச்சினே. மால்ட்டாவின் கோசோத் தீவில் நதூர். குரோவேசியாவில் டிஸ்னோ, பாதி ஊர் நிலத்திலும் பாதி ஊர் தீவிலும் இருக்கிறது, நடுவே தூக்குப் பாலம். ருமேனியாவில் இபனெஷ்ட். அங்கே செய்யும் தெலேமியா பாலாடைக்கட்டிக்கு 2016இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் இடப்பெயர்ப் பாதுகாப்பு கிடைத்தது, நம் புவிசார் குறியீடு மாதிரி. லித்துவேனியாவில் செர்ரிப் பழத்துக்குப் பேர்போன ஜாகரே. செக் நாட்டில் காற்றாலையும் திராட்சைத் தோட்டமும் உள்ள ஸ்தாரி போத்வோரோவ், ஜெர்மனியில் பிரேமன் பக்கமுள்ள ஹெப்ஸ்டெட். இரண்டும் சுமார் ஆயிரம் பேர் வாழும் ஊர்கள்.

லக்சம்பர்க்கின் வட கோடியில் த்ருவாவியேர்ஜ் என்று ஒரு ஊர். முதல் உலகப் போரில் ஜெர்மன் படைவீரர்கள் முதன்முதலாக எல்லை தாண்டி வந்தது இந்த ஊரின் ரயில் நிலையத்துக்குத்தான். 1914 ஆகஸ்ட் 1 மாலை. இப்போது இந்த ஊரும் ஹெப்ஸ்டெட்டும் ஒரே சாசனத்தில் உறுப்பினர்கள்.

ஸ்பெயினின் உறுப்பினர் ஊர் எக்ஸ்ட்ரமதூரா பகுதியில் இருக்கிறது. பெயர் பியென்வெனீதா. ஸ்பானிய மொழியில் அதற்கு 'நல்வரவு' என்று பொருள். இப்படி ஒரு பெயரை வைத்துக்கொண்டு விருந்தாளியை அழைக்காமல் இருக்க முடியுமா!

ஊரும் ஊரும் இப்படி உறவு வைத்துக்கொள்வது ஐரோப்பாவில் புது வழக்கமா?

இல்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு தொடங்கிய வழக்கம் இது. பிரெஞ்சில் இதை 'ஜுமெலாஜ்' என்கிறார்கள், அதாவது இரட்டைப் பிள்ளையாக்குவது. இத்தாலியரும் இரட்டை என்றே சொல்கிறார்கள். ஜெர்மானியர் கூட்டாளி என்ற பொருளில் சொல்கிறார்கள். எனக்கு நம் 'சம்பந்தம்' என்ற சொல்தான் பொருத்தமாகப் படுகிறது. கைமாற்று இருக்கிறது, போக்குவரத்து இருக்கிறது, கோபதாபம் இருக்கிறது, உறவு மட்டும் அறுவதில்லை.

பிரான்ஸ், ஜெர்மனி இடையே முதல் உறவு 1950இல் பிரான்சின் மோன்பெலியார் நகரத்துக்கும் ஜெர்மனியின் லூட்விக்ஸ்பர்க் நகரத்துக்கும் ஏற்பட்டது. அப்போது மோன்பெலியாரின் மேயராக இருந்தவர் லூசியன் தராதான். ஜெர்மன் ஆக்கிரமிப்பை எதிர்த்துப் போராடி, புகன்வால்ட் வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டு, உயிரோடு திரும்பியவர். அவர் கைகுலுக்கிய கை எந்த நாட்டுடையது என்று நினைக்கும்போது எனக்குப் பேச்சு நின்றுவிடும். அரசுகள் நட்பு ஒப்பந்தம் போட்டது 1963இல்தான். ஊர்க்காரர்கள் 13 வருடம் முந்திக்கொண்டார்கள். இன்று இந்த இரு நாடுகளுக்கு மட்டும் 2,200க்கு மேற்பட்ட ஊர் உறவுகள் இருக்கின்றன. அவற்றில் பல, வரைபடத்தில் தேடினால்கூடச் சட்டென்று அகப்படாத சிற்றூர்களுக்கு இடையிலானவை.

ஏன் வீட்டில் தங்க வேண்டும்? ஓட்டலில் தங்கினால் என்ன?

முதல் காரணம் எளிது: சின்ன ஊரில் அத்தனை பேருக்கு ஓட்டல் கிடையாது. ஆனால் அந்தக் குறைதான் பெரிய வரமாகிவிட்டது.

வருகை நாள் மாலை எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். ஊர் மண்டபத்துக்கு வெளியே பேருந்து வந்து நிற்கும். பத்து, பதினைந்து மணி நேரம் உட்கார்ந்து வந்தவர்கள் கால் மரத்துப்போய் இறங்குவார்கள். மண்டப வாசலில் ஒருவர் கையில் பட்டியலோடு நிற்பார். இந்தப் பக்கம் விருந்தாளி பெயர், அந்தப் பக்கம் வீட்டுக்காரர் பெயர். வாசிக்கிறவருக்குப் பாதிப் பெயர் வாயில் நுழையாது. பின்லாந்துக்காரர் கிரேக்கப் பெயரைப் படித்தால் கேட்கவா வேண்டும்? பெயர் வந்ததும் கூட்டத்திலிருந்து ஒருவர் கையைத் தூக்குவார். நீங்கள் பெட்டியைத் தூக்கும் முன்னால் அவர் தூக்கிவிடுவார். அப்புறம் அவர் காரில் ஏறி, மொழி தெரியாமல் இருவரும் ஐந்து நிமிடம் சிரித்துக்கொண்டே போக வேண்டியதுதான்.

வீட்டில் உங்களுக்கு ஒதுக்கிய அறை பெரும்பாலும் வெளியூருக்குப் படிக்கப் போன பிள்ளையின் அறை. சுவரில் கால்பந்து வீரர் படம் ஒட்டியிருக்கும். மேசை மேல் மடித்த துண்டு, ஒரு குவளை தண்ணீர், வீட்டுச் சாவி. அந்தச் சாவியைக் கவனியுங்கள். நேற்று வரை யாரென்றே தெரியாதவர் கையில் வீட்டுச் சாவியைக் கொடுக்கிறார்கள். எத்தனை அமைதி ஒப்பந்தம் படித்தாலும் அந்தச் சாவி சொல்வதை அது சொல்லாது.

காலையில் சமையலறையில் இரவு உடையோடு காபிக்கு உட்காரும்போது நாட்டுப் பெருமை எல்லாம் எங்கேயோ போய்விடும். மகன் வேலை கிடைக்காமல் நகரத்துக்குப் போனது, மாமியார் படுக்கையில் கிடப்பது, பால் விலை, முழங்கால் வலி என்று பேச்சு போகும். ஓட்டல் வரவேற்பறையில் இதெல்லாம் பேச முடியாது. பணம் இருக்கிறது, நாங்கள் ஓட்டலிலேயே தங்கிக்கொள்கிறோம் என்று சொல்லும் குழு பாதி விருந்தை இழந்துவிடுகிறது என்பேன்.

மொழி தெரியாமல் எப்படிச் சமாளிக்கிறார்கள்?

ஒன்றியத்தின் அதிகாரபூர்வ மொழிகள் 24. கூட்டத்தில் பொதுவாக ஆங்கிலம்தான் ஓடும். ஜெர்மனும் பிரெஞ்சும் நடுநடுவே வரும். உண்மையில் மொழிபெயர்ப்பு வேலை பார்ப்பது பிள்ளைகள்தான். பள்ளியில் ஆங்கிலம் படிக்கும் பேத்தி நடுவில் உட்கார்ந்து, இந்தப் பக்கம் தாத்தா சொல்வதையும் அந்தப் பக்கம் விருந்தாளிப் பாட்டி சொல்வதையும் மாற்றி மாற்றிச் சொல்வாள். தன் தாத்தா போர்க் காலத்தில் என்ன பட்டார் என்பதை அன்றைக்குத்தான் அவளே முதன்முதலாகக் கேட்பாள்.

கைபேசியில் மொழிபெயர்க்கும் செயலி வந்த பிறகு பாடு கொஞ்சம் குறைந்திருக்கிறது. ஆனால் வட்டார வழக்கு பேசுபவரிடம் அது திணறும். ஸ்லோவாக்கியாவின் மெட்சேவ் ஊரைப் பாருங்கள். இடைக்காலத்தில் அங்கே குடியேறிய ஜெர்மானியர் வழிவந்தவர்கள் மந்தாக் என்ற தங்களுக்கே உரிய ஜெர்மன் வழக்கைப் பேசுகிறார்கள். ஹெப்ஸ்டெட் இருக்கும் வட ஜெர்மனியில் முதியவர்கள் தாழ்நிலை ஜெர்மன் பேசுவார்கள். இரண்டும் ஜெர்மன்தான், ஆனாலும் ஒருவர் பேச்சு மற்றவருக்கு எளிதில் பிடிபடாது. எஸ்டோனியாவின் பொல்வாப் பக்கம் வோரோ மொழி. சிறிய மொழி பேசுபவர்கள், வேறு நாட்டிலும் தங்களைப் போன்றவர்கள் இருக்கிறார்கள் என்று நேரில் பார்ப்பது பெரிய தெம்பு.

அங்கே போய் நாளெல்லாம் என்ன செய்வார்கள்?

வழக்கமாக மூன்று நான்கு நாள். முதல் மாலை வரவேற்பு. அடுத்த நாள் காலை ஏதாவது ஒரு பொருளில் கலந்துரையாடல்: முதியோர் பராமரிப்பு, மரபுசாரா எரிசக்தி, பள்ளிக்கூடம் என்பது மாதிரி. பிற்பகல் ஊர் சுற்றல். பண்ணை, தீயணைப்புத் தொண்டர் நிலையம், பால் கூட்டுறவு. ஐரோப்பியச் சிற்றூர்களில் தீயணைப்பு பெரும்பாலும் ஊர் இளைஞர்களே செய்யும் தொண்டு என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அந்த நிலையம்தான் பல ஊர்களில் சங்கம், மன்றம், விருந்து மண்டபம் எல்லாம்.

ஒரு மாலை உணவுச் சந்தை. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு மேசை. தங்கள் ஊர் ரொட்டி, பாலாடைக்கட்டி, தொத்திறைச்சி, ஒயின், ஊறுகாய் என்று பரப்பிவைத்துவிட்டு, வருவோர் போவோரை எல்லாம் கையைப் பிடித்து இழுத்து ஊட்டாத குறையாகக் கொடுப்பார்கள். கடைசி இரவு ஆட்டம், பாட்டு, அழுகை.

வெறும் ஆடல் பாடல்தானா? உருப்படியாக ஏதாவது பேசுவார்களா?

பேசுவார்கள். பேச வேண்டிய நிலைமையும் இருக்கிறது. ஐரோப்பாவின் கிராமங்கள் காலியாகின்றன. ஸ்பெயினில் இதற்கு 'காலியாக்கப்பட்ட ஸ்பெயின்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். காலியான ஸ்பெயின் என்று சொல்லாமல் காலியாக்கப்பட்ட என்று சொல்வதில்தான் அவர்களுடைய வழக்கு முழுவதும் இருக்கிறது. அது தானாக நடக்கவில்லை, ரயிலை நிறுத்தி, மருத்துவமனையை மூடி, பள்ளியை இணைத்து நம்மைத் துரத்தினார்கள் என்கிறார்கள். 2019 மார்ச் 31 அன்று இந்த ஊர்க்காரர்கள் மத்ரீதில் திரண்டு பேரணி போனார்கள்.

இந்தப் பாடு எக்ஸ்ட்ரமதூராவுக்கு மட்டும் இல்லை, லாட்வியாவுக்கும் பல்கேரியாவுக்கும் உண்டு. தன் ஊரில் மட்டும்தான் கடைசி மளிகைக் கடை மூடப்போகிறது என்று நினைத்துக் கொண்டிருந்தவர், இன்னொரு நாட்டில் ஊர்க்காரர்களே பங்கு போட்டுக் கடையை எடுத்து நடத்துவதைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார். அந்த யோசனை எந்த அமைச்சகச் சுற்றறிக்கையிலும் வராது. பார்த்து வந்தவர் வாய் வழியாகத்தான் வரும்.

கைத்தொழில், மரபுக் கலைகளுக்கு இதில் இடம் உண்டா?

நிறைய உண்டு. ஒன்றை மட்டும் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். சைப்ரசின் உறுப்பினர் ஊர் பானோ லெஃப்காரா. துரோடோஸ் மலையடிவாரம். குறுகலான கல் தெரு, வாசலில் நாற்காலி, நாற்காலியில் வயதான பெண்மணி, மடியில் ஒரு திண்டு, திண்டின் மேல் லினன் துணி. ஊசியால் துணியின் இழைகளை எண்ணி எண்ணி வெட்டி உருவுகிறார். பிறகு மிச்சம் நிற்கும் இழைகளைச் சுற்றிக் கட்டித் தைக்கிறார். துணியில் ஓட்டை விழுகிறது, அந்த ஓட்டையே கோலமாகிறது. வளைந்து வளைந்து போகும் ஒரு வடிவத்துக்கு 'பொத்தமோஸ்' என்று பெயர், ஆறு என்று பொருள். ஒரு இழை கூடுதலாக வெட்டுப்பட்டால் வரிசை முழுவதும் கெட்டுவிடும். ஒரு பெரிய மேசை விரிப்புக்கு மாதக்கணக்கில் ஆகும்.

இந்த லெஃப்காராப் பின்னலை யுனெஸ்கோ 2009இல் மனிதகுலத்தின் அருவ மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. லியொனார்டோ டா வின்சி இங்கே வந்து மிலான் தேவாலயத்துக்கு ஒரு விரிப்பு வாங்கிப் போனார் என்று ஊரில் ஒரு கதை சொல்வார்கள். கதை இருக்கட்டும். எனக்குப் பிடித்தது, வீட்டில் பெண்கள் தைத்ததைத் தலைச்சுமையாகவும் பெட்டியிலும் எடுத்துக்கொண்டு ஆண்கள் ஐரோப்பாவெங்கும் விற்கப் போன விஷயம். அந்த வியாபாரிகளுக்குக் 'கெந்திதாரிதெஸ்' என்று பெயர். சாசனம் என்ற பேச்சே இல்லாத காலத்தில் லெஃப்காராக்காரர் ஊர் ஊராகக் கதவைத் தட்டியிருக்கிறார். இன்று அந்த ஊர்கள் லெஃப்காராவின் கதவைத் தட்டுகின்றன.

மெட்சேவ்காரர்களின் தொழில் வேறு. ஓடை நீரில் சக்கரம் சுற்ற, சக்கரம் பெரிய சம்மட்டியைத் தூக்கிப் போட, பழுத்த இரும்பு மண்வெட்டியாக மாறும். பின்னல் போடுகிறவரும் இரும்படிக்கிறவரும் அடுத்தடுத்த மேசையில் உட்கார்ந்து ஒருவர் கையை ஒருவர் பார்க்கும் காட்சியை நினைத்தாலே சந்தோஷமாக இருக்கிறது.

செலவு யாருடையது?

தங்குவதும் சாப்பாடும் விருந்தளிக்கும் ஊரின் பொறுப்பு, பயணம் வருகிறவர் பொறுப்பு என்பது இந்த மாதிரிக் கூட்டங்களின் பொது வழக்கம். இன்றைக்கு நான், நாளைக்கு நீ. ஐரோப்பிய ஒன்றியமும் கொஞ்சம் கை கொடுக்கும். 2014 முதல் 2020 வரை நடந்த 'குடிமக்களுக்கான ஐரோப்பா' திட்டத்தில், ஊர் உறவுக் கூட்டம் ஒன்றுக்கு அதிகபட்சம் 25,000 யூரோ கிடைத்தது. வெளியிலிருந்து அழைக்கப்பட்டவர் குறைந்தது 25 பேராவது வர வேண்டும், கூட்டம் 21 நாளைத் தாண்டக் கூடாது என்பவை நிபந்தனைகள். இப்போது 2021 முதல் 2027 வரைக்கான குடிமக்கள், சமத்துவம், உரிமைகள், விழுமியங்கள் திட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறது.

விண்ணப்பம் எழுதுவதுதான் தலைவலி. பெரிய நகரத்துக்கு அதற்கென்றே ஆள் உண்டு. சிற்றூரில் ஊராட்சிச் செயலர் மற்ற வேலைக்கு நடுவே இரவில் உட்கார்ந்து எழுதுவார். இந்த விஷயத்தில் ஒன்றியம் சிற்றூர்களுக்கு இன்னும் இரங்கி வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மீதித் தொகையை ஊர்க்காரர்கள் கேக் விற்றும் பரிசுச்சீட்டு நடத்தியும் சேர்க்கிறார்கள்.

'ஐரோப்பியக் கிராமப்புற நாடாளுமன்றம்' என்பதும் இதுதானா?

இல்லை, அது தனி. சட்டம் இயற்றும் அவையும் அல்ல. கிராம இயக்கங்கள் கூடி, தங்கள் குரலை அரசுகளுக்குக் கேட்கச் செய்யும் மேடை. ஸ்வீடன் இதற்கு முன்னோடி. அங்கே 1989இலேயே முதல் கிராமப்புற நாடாளுமன்றம் கூடிவிட்டது. ஐரோப்பிய அளவில் முதல் கூட்டம் 2013இல் பிரஸ்ஸல்ஸில். அடுத்து 2015இல் ஆஸ்திரியாவின் ஷெர்டிங், 2017இல் நெதர்லாந்தின் வென்ஹோர்ஸ்ட், 2019இல் ஸ்பெயினின் கண்தாஸ், 2022இல் போலந்தின் கியெல்ட்சே. வென்ஹோர்ஸ்ட் ஒரு கிராமம் என்பதைக் கவனிக்க வேண்டும். கிராமத்தைப் பற்றிப் பேசக் கிராமத்துக்கே போனார்கள்.

ஐரோப்பியாட், டூஸ்லாஜ் என்ற பெயர்களும் காதில் விழுகின்றனவே?

ஐரோப்பியாட் நாட்டுப்புற நடன, இசை விழா. 1964இல் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப்பில் தொடங்கியது. ஒவ்வொரு வருடமும் ஒவ்வொரு நகரத்தில் ஆயிரக்கணக்கானோர் தங்கள் வட்டார உடையில் கூடுவார்கள். இரவில் பள்ளி வகுப்பறைகளில் படுக்கை. போட்டி கிடையாது, பரிசு கிடையாது என்பது அதன் அழகு.

டூஸ்லாஜ் சிறு நகரங்களின் கூட்டமைப்பு. பிரான்சின் கிரான்வில், இங்கிலாந்தின் ஷெர்போர்ன் உட்பட 12 ஊர்கள் 1991இல் சேர்ந்து தொடங்கியவை. பிரெஞ்சில் 'டூஸ்' என்றால் பன்னிரண்டு. அதோடு ஜுமெலாஜின் வாலை ஒட்டவைத்தார்கள்.

ஊராட்சியே வேறொன்றோடு இணைக்கப்பட்டுவிட்டால் இந்த உறவு என்ன ஆகும்?

நல்ல கேள்வி, நடைமுறையில் நடக்கிறது. நெதர்லாந்தின் உறுப்பினர் எஷ். அது இருந்த ஹாரன் நகராட்சி 2021 தொடக்கத்தில் கலைக்கப்பட்டு நான்காகப் பிரிக்கப்பட்டது. எஷ் பொக்ஸ்டெலோடு போனது. லாட்வியாவின் கண்டவாவும் அதே 2021இல் துக்கும்ஸ் நகராட்சிக்குள் சேர்ந்தது. புதிய பெரிய நிர்வாகத்துக்கு இந்தச் சின்ன ஊரின் பழைய சம்பந்தத்தில் அக்கறை இருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆகவேதான் இந்த உறவை நகராட்சி அலுவலகத்தின் கையில் மட்டும் விட்டுவைக்காமல், ஊர்க்காரர்களே குழுவாகச் சேர்ந்து சுமக்க வேண்டும். பலகை மாறலாம், ஊர் மாறுவதில்லை.

பிரிட்டன் வெளியேறியதால் என்ன ஆயிற்று?

சாசனத்தில் இங்கிலாந்தின் ஊர் நார்தாம்ப்டன்ஷயரின் டெஸ்பரோ. 2020 ஜனவரி 31 அன்று பிரிட்டன் ஒன்றியத்திலிருந்து விலகியது. நட்புக்கு யாரும் பூட்டுப் போட முடியாது, ஆனால் சின்னச் சின்ன முட்டுக்கட்டைகள் வந்தன. 2021 அக்டோபரிலிருந்து ஒன்றியத்துக்காரர்கள் பெரும்பாலானோர் அடையாள அட்டையைக் காட்டி இங்கிலாந்துக்குள் நுழைய முடியாது, பாஸ்போர்ட் வேண்டும். கண்டத்துக் கிராமத்தார் பலர் பாஸ்போர்ட்டே எடுத்ததில்லை. அடையாள அட்டையை வைத்தே ஐரோப்பா முழுக்கச் சுற்றியவர்கள். ஒரு பேருந்து நிறையப் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப் போவது அன்றிலிருந்து பெரிய வேலையாகிவிட்டது. எனக்கு இது வருத்தம்தான்.

இளைஞர்கள் வருகிறார்களா?

இதுதான் பெரிய கவலை. தொடங்கியபோது நாற்பது வயதில் இருந்தவர்களுக்கு இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. மலிவு விமானமும் எராஸ்மஸ் படிப்பு வாய்ப்பும் உள்ள பிள்ளைக்கு வெளிநாடு பார்க்க ஊர்ச் சங்கம் தேவையில்லை. ஆனால் பார்சிலோனாவில் மூன்று நாள் சுற்றியவனுக்கு ஸ்பெயினில் ஒரு வீடு கூடத் தெரியாது என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லத்தான் வேண்டும். பிள்ளைகளுக்கு மேசை துடைக்கும் வேலையை மட்டும் கொடுக்காமல், நிகழ்ச்சி நிரலையே அவர்கள் கையில் கொடுத்துவிட வேண்டும். அப்படிச் செய்தால் வருவார்கள்.

ஐரோப்பாவில் வாழும் நம்மவர்கள் கலந்துகொள்ள முடியுமா?

நீங்கள் குடியிருக்கும் ஊர் இப்படி ஏதாவது உறவில் இருந்தால் தாராளமாக. ஊர் எல்லையில் உள்ள பெயர்ப் பலகையைப் பாருங்கள். கூட்டாளி ஊர்களின் பெயர்களைப் பெரும்பாலும் அங்கேயே எழுதியிருப்பார்கள். நகராட்சி அலுவலகத்தில் உறவுக் குழு எது என்று கேளுங்கள். பயணம் போக முடியாவிட்டாலும் விருந்தாளியை வீட்டில் தங்கவையுங்கள். வீடு கிடைக்காமல் குழுக்கள் எப்போதும் தவிக்கும். ஒரு அறை இருக்கிறது என்று சொன்னால் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள். இட்லியும் சாம்பாரும் கொடுக்கலாமா என்று தயங்க வேண்டாம். அந்த ஊரில் நீங்கள் வாழ்வதால் அதுவும் அந்த ஊர்ச் சாப்பாடுதான்.

இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட் உள்ளவர்கள் ஒன்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும். தங்களுக்குள் எல்லைச் சோதனையை எடுத்துவிட்ட ஐரோப்பிய நாடுகளின் வட்டத்துக்கு ஷெங்கன் என்று பெயர். ஷெங்கன் நாடு ஒன்றின் குடியிருப்பு அனுமதி இருந்தால் மற்ற ஷெங்கன் நாடுகளுக்கு 180 நாளில் 90 நாள் வரை போய்வரலாம். அயர்லாந்து அந்த வட்டத்தில் இல்லை. அதற்குத் தனி விசா எடுக்க வேண்டும்.

முதல் தடவை போகிறேன். என்ன எடுத்துப் போவது, எப்படி நடந்துகொள்வது?

விலை உயர்ந்த பரிசு வேண்டாம், வாங்குபவருக்குச் சங்கடம். உங்கள் ஊரில் விளைந்தது, உங்கள் வீட்டில் செய்தது ஏதாவது போதும். வீட்டாரின் படம் நாலைந்து கையில் வைத்துக்கொள்ளுங்கள், மொழி தெரியாத முதல் மாலைக்கு அதுதான் பேச்சு.

பின்லாந்து, ஸ்வீடன், எஸ்டோனியா வீடுகளில் வாசலிலேயே செருப்பைக் கழற்ற வேண்டும், நமக்கு அது புதிதில்லை. பின்லாந்தின் கண்ணுஸில் சவுனாவுக்கு, அதாவது நீராவிக் குளியலுக்குக் கூப்பிட்டால் அது பெரிய மரியாதை. உடம்புக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் நன்றி சொல்லி மறுக்கலாம், தவறாக நினைக்க மாட்டார்கள். வடக்கே இரவுச் சாப்பாடு ஐந்து, ஆறு மணிக்கே முடிந்துவிடும். ஸ்பெயினில் ஒன்பது, பத்து மணிக்குத்தான் அடுப்பே பற்றும். நெதர்லாந்தில் கன்னத்தோடு கன்னம் மூன்று முறை வைப்பார்கள், பிரான்சில் பல இடங்களில் இரண்டு, வட ஜெர்மனியில் கைகுலுக்கல். எதிராளி தொடங்கட்டும் என்று நில்லுங்கள். சைவம் என்றால் பதிவுப் படிவத்திலேயே எழுதிவிடுங்கள். மீனும் கோழியும் கூடாது என்று தனியாக எழுதுவது நல்லது. மருந்து சாப்பிடுபவர் என்றால் இரண்டு நாளைக்குக் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். திரும்பும் பேருந்து சொன்ன நேரத்துக்குக் கிளம்பியதாக வரலாறு இல்லை. ஒவ்வொரு வீட்டுக்காரரும் ஒரு பொட்டலம் சாப்பாட்டோடு வந்து நிற்பார்கள்.